ஆபீசுக்கு விபிஎன் பெட்டி வைக்கப் போறீங்களா? பெட்டிக்கு முன்னாடி லைனப் பாருங்க

பெங்களூரு பீன்யால ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனில வேலை பாக்கறேன். மொத்தம் 22 பேர், பாதிக்கு மேல நம்ம பக்கத்து ஆளுங்க, ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், சேலம்னு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா எல்லாரும் பஸ் பிடிக்க ஓடிடுவாங்க. என் வேலை பர்ச்சேஸ், ஆனா கம்ப்யூட்டர்ல எது நின்னாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க, அப்படி வந்ததுதான் இந்த வேலையும். எங்க அக்கவுண்ட்ஸ் அக்கா அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு திருப்பத்தூர் போயிட்டாங்க, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும், கணக்கு எழுதற டாலி சாஃப்ட்வேரோட டேட்டா பூரா ஆபீஸ் சிஸ்டத்துல. "வீட்ல இருந்தே நம்ம சிஸ்டத்தப் பாக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுப்பா"ன்னார் முதலாளி. அதுக்குத்தான் விபிஎன், வெளியில இருக்கற கம்ப்யூட்டர பாதுகாப்பான வழில ஆபீஸ் நெட்வொர்க்கோட இணைக்கறது. பெட்டின்னு நான் சொல்றது அதை ஓட்டறதுக்கு ஆபீஸ்ல வெக்கற சாமான்.

பெட்டிய செட் பண்ண எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு ஞாயித்துக்கிழமையும்தான் ஆச்சு. ஆனா எல்லாம் முடிய 5 வாரம். மிச்ச நாள் பூரா இன்டர்நெட் லைன், லெட்டர்ஹெட், பில், இதுலயே போச்சு, ஏன்னா நான் முதல்ல பெட்டிய வாங்கிட்டேன், அப்புறம்தான் எங்க லைன்ல வெளியில இருந்து உள்ள வரவே முடியாதுன்னு தெரிஞ்சுது. நீங்க அப்படி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் சரியான வரிசைல எழுதறேன். 5 பேர்ல இருந்து 30 பேர் வரைக்கும் இருக்கற ஆபீஸ், ஒரே இன்டர்நெட் லைன், உள்ள ஒண்ணு ரெண்டு சிஸ்டத்த மட்டும் வெளியில இருந்து தொடணும், இந்த மாதிரி இடத்துக்கு இது பொருந்தும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. "எதுக்கு இவ்ளோ, ரவுட்டர்ல 3389 போர்ட்ட திறந்து விட்டா ரிமோட் டெஸ்க்டாப் வந்துடுமே"ன்னு உங்களுக்கு யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க. போர்ட்னா நெட்ல இருந்து உள்ள வர்ற ஒரு வாசல், ரிமோட் டெஸ்க்டாப்னா ஆபீஸ் சிஸ்டத்தோட ஸ்க்ரீன தூரத்துல இருந்தே திறந்து வேலை பாக்கறது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அந்த போர்ட் திறந்திருக்கான்னு உலகம் பூரா ப்ரோக்ராம் வெச்சு ராப்பகலா தேடிக்கிட்டே இருக்காங்க, பாஸ்வேர்ட ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு யூனிட்ல இப்படித்தான் ரான்சம்வேர் (ஃபைல பூட்டி வெச்சுட்டு காசு கேக்கற வைரஸ்) பூந்து ரெண்டு வருஷக் கணக்கு லாக் ஆச்சு, பேக்கப்பும் அதே சிஸ்டத்துல இருந்ததால அதுவும் போச்சு.

1. இன்னிக்கே பாருங்க: உங்க லைன்ல பப்ளிக் ஐபி இருக்கா

ஐபின்னா நெட்ல நம்ம விலாச நம்பர், பப்ளிக் ஐபின்னா வெளியில இருந்து நேரா தேடி வரக்கூடிய நம்பர். பாக்கறதுக்கு பைசா செலவு இல்ல, 5 நிமிஷ வேலை. லைன்காரங்க வெச்ச ரவுட்டரோட பேஜ திறந்து ஸ்டேட்டஸ்ல வேன் ஐபின்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, வேன்னா இன்டர்நெட் வர்ற பக்கம், லேன்னா ஆபீஸ் உள்பக்கம். அதே சிஸ்டத்துல கூகிள்ல "வாட் இஸ் மை ஐபி"ன்னு போட்டு வர்ற நம்பரையும் எழுதிக்கோங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லது. வேற வேறயா இருந்தா, அதுவும் ரவுட்டர்ல தெரியறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சாலோ 10ன்னு ஆரம்பிச்சாலோ, நீங்க சிஜிநாட்ல இருக்கீங்க. ஒரே பப்ளிக் ஐபிய நிறைய வாடிக்கையாளருக்குப் பங்கு போட்டுக் குடுக்கறாங்கன்னு அர்த்தம். நீங்க வெளிய போகலாம், வெளியில இருந்து யாரும் உங்களத் தேடி வர முடியாது, பெட்டி எவ்ளோ விலைன்னாலும் இதுதான் கதி.

ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தாக்கூட அது நிலையான ஐபின்னு நினைக்காதீங்க, ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மாறலாம். மாறற ஐபிய டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பேர்ல தேடி வர வெக்கற சேவை) வெச்சு சமாளிக்கலாம், ஆனா சிஜிநாட்ட அதால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வித்தியாசம் தெரியாம நான் டைனமிக் டிஎன்எஸ்ஸ வெச்சு 3 நாள் மல்லுக்கட்டினேன்.

2. ஸ்டேட்டிக் (மாறாத) ஐபி கேக்கறது: பேப்பர் வேலை இங்கதான்

கஸ்டமர் கேர்ல கேக்கும்போது "பப்ளிக் ஸ்டேட்டிக் ஐபி வி4"ன்னு முழுசா கேளுங்க. வெறும் "ஸ்டேட்டிக் ஐபி"ன்னு கேட்டு, ஏரியா கேபிள்காரர் 10ன்னு ஆரம்பிக்கற நம்பர நிலையா போட்டுக் குடுத்துட்டு "இது ஸ்டேட்டிக்தானே சார்"னு சொன்ன கதை எங்க பில்டிங்லயே ஒருத்தருக்கு நடந்துச்சு.

நிறைய இடத்துல வீட்டு பிளான்ல இது தர மாட்டாங்க, பிசினஸ் பிளானுக்கு மாறச் சொல்லுவாங்க. எங்கள கேட்ட பேப்பர்கள் இது:

ஜிஎஸ்டி சர்டிஃபிகேட், கம்பெனி பான் கார்டு, இடத்துக்கு அட்ரஸ் ப்ரூஃப் (வாடகை அக்ரிமென்ட் இல்லன்னா பெஸ்காம் கரண்ட் பில்), கையெழுத்து போடறவரோட ஆதாரும் ஃபோட்டோவும், அவருக்கு அந்த அதிகாரம் இருக்குன்னு கம்பெனி லெட்டர், ஐபி எதுக்கு வேணும்னு லெட்டர்ஹெட்ல நாலு வரி. எல்லாத்துலயும் சீல்.

இதுல ரெண்டு இடத்துல மாட்டினேன். ஒண்ணு, பெஸ்காம் பில் பில்டிங் ஓனர் பேர்ல இருக்கும், அத மட்டும் குடுத்தா எடுத்துக்க மாட்டாங்க, கூடவே வாடகை அக்ரிமென்டோ ஓனர் கிட்ட இருந்து என்ஓசியோ வேணும். எங்க அக்ரிமென்ட் 11 மாசத்துது, முடிஞ்சு 2 மாசம் ஆகியிருந்தது யாருக்குமே தெரியல, திருப்பி ஸ்டாம்ப் பேப்பர் எடுத்து ஓனர் ஊர்ல இருந்து வந்து கையெழுத்து போடறதுக்குள்ள 8 நாள். ரெண்டாவது, பேர். ஜிஎஸ்டில "எண்டர்பிரைசஸ்"னு முழுசா இருந்துச்சு, பழைய இன்டர்நெட் கனெக்ஷன்ல முன்னாடி இருந்த மேனேஜரோட சொந்தப் பேர் இருந்துச்சு. பேர் மாத்தற அப்ளிகேஷன் தனியா போட்டு, அது முடிஞ்சப்புறம்தான் ஐபி அப்ளிகேஷன எடுத்தாங்க. நீங்க இன்னிக்கே உங்க இன்டர்நெட் பில்ல எடுத்து அதுல என்ன பேர், ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க. நம்பர் இல்லாத பில்லுக்கு வரிய திருப்பி எடுக்க முடியாது.

நான் கட்டினது வருஷத்துக்கு 3,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 540, ஆக 3,540. பிசினஸ் பிளானுக்கு மாறினதுல மாசம் 700 கூட போச்சு. உங்க லைன்ல வேற ரேட்டா இருக்கும், ஆனா கேக்கும்போது மூணு கேள்வி மறக்காதீங்க: ஐபி காசு வருஷத்துக்கா மாசத்துக்கா, அப்லோடு ஸ்பீடு எவ்ளோ, ஐபி மாத்தும்போது லைன் எவ்ளோ நேரம் நிக்கும். அப்லோடு ஏன் முக்கியம்னா, ஊர்ல இருக்கறவங்களுக்கு டவுன்லோடா போறது நம்ம ஆபீஸோட அப்லோடு தான். எங்களுக்கு அப்ளிகேஷன் சரியாப் போன நாள்ல இருந்து ஐபி கைக்கு வர 6 நாள், முதல் தடவ திரும்பி வந்தத சேத்தா 19 நாள்.

ஸ்டேட்டிக் ஐபி கிடைக்கவே இல்லன்னா? மும்பைலயோ பெங்களூர்லயோ டேட்டா சென்டர் இருக்கற கம்பெனி கிட்ட ஒரு சின்ன கிளவுட் சர்வர் வாடகைக்கு எடுத்து, ஆபீஸ் பெட்டி அங்க போய் இணையற மாதிரியும் அக்காவும் அங்க போய் இணையற மாதிரியும் பண்ணலாம், சிஜிநாட்ல இருந்துக்கிட்டே வேலை நடக்கும். மாசா மாசம் வாடகையும், பாத்துக்கறதுக்கு இன்னொரு சர்வரும் சேருது. லைன் கிடைக்கற இடத்துல லைனே எடுங்கன்னுதான் சொல்லுவேன்.

3. லைன்காரங்க ரவுட்டர பிரிட்ஜ் மோட்ல போடச் சொல்லுங்க

ஐபி வந்த அன்னிக்கு வர்ற டெக்னீஷியன் கிட்டயே இதையும் முடிச்சிடுங்க, திருப்பி ஆள் வர வெக்கறது கஷ்டம். பிரிட்ஜ் மோட்ல போட்டா அவங்க ரவுட்டர் வெறும் பாலமா நிக்கும், பப்ளிக் ஐபி நேரா நம்ம பெட்டிக்கு வரும். பிபிபிஓஇ லைன்னா (லாகின் போட்டு இணையற லைன்) யூசர்நேம் பாஸ்வேர்ட் எழுதி வாங்குங்க, இல்லன்னா ஐபி, சப்நெட், கேட்வே மூணும் எழுதி வாங்குங்க. சில லைன்ல பழைய ரவுட்டரோட மேக் அட்ரஸ (அந்த சாமானோட அடையாள நம்பர்) பதிஞ்சு வெச்சிருப்பாங்க, புதுப் பெட்டி போட்டா நெட் வராது, "மேக் ரிலீஸ் பண்ணுங்க"ன்னு சொன்னாப் போதும்.

பிரிட்ஜ் தர மாட்டேன்னா, அவங்க ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போட்டு நம்ம பெட்டிக்குத் திருப்பலாம், ஓடும், ஆனா ரெண்டு இடத்துல பாக்கணும்.

4. பெட்டி: எது, எங்க, எவ்ளோ

இப்பத்தான் பர்ச திறக்கணும். ரெண்டு வழி இருக்கு.

ரெடிமேட் ஃபயர்வால் (யார உள்ள விடறதுன்னு பாக்கற காவல் பெட்டி, விபிஎன்னும் அதுலயே ஓடும்), ஃபோர்ட்டிகேட், சோஃபோஸ் மாதிரி. நல்ல பெட்டிங்க, சப்போர்ட் இருக்கும், ஆனா பெட்டி விலைய மட்டும் கேக்காதீங்க, 3 வருஷ லைசன்ஸ் சேத்து என்ன ஆகும்னு எழுத்துல கேளுங்க, லைசன்ஸ் முடிஞ்சா எது ஓடும் எது நிக்கும்னும் கேளுங்க. பழைய வீடியோ பாத்து எஸ்எஸ்எல் விபிஎன் போடலாம்னு ஃபோர்ட்டிகேட் வாங்கறவங்க கவனிக்கணும், ஃபோர்ட்டிஓஎஸ் 7.6.3ல இருந்து எஸ்எஸ்எல் விபிஎன் டன்னல் மோட எடுத்துட்டாங்க, ஐபிசெக்ங்கற வேற வகை விபிஎன்தான் போடணும்.

ரெண்டாவது, ஒரு மினி பிசில ஓப்பிஎன்சென்ஸ் (OPNsense)ங்கற ஃபயர்வால் சாஃப்ட்வேர் போடறது, நான் பண்ணது. சாஃப்ட்வேர் இலவசம், வருஷா வருஷம் லைசன்ஸ் இல்ல. ஆனா ஏதாவது நின்னா பாக்கறதுக்கு ஆபீஸ்ல ஒரு ஆள் இருக்கணும், அப்படி யாரும் இல்லன்னா மனசார ரெடிமேட் பெட்டியே எடுங்க.

பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்ல வாங்கினேன். இன்டெல் என்100 ப்ராசசர், 4 நெட்வொர்க் போர்ட், 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, ஃபேன் இல்லாத பெட்டி. 22 பேருக்கு இது தாராளம். பாக்க வேண்டியது ரெண்டே விஷயம்: ப்ராசசர்ல ஏஇஎஸ்-என்ஐ இருக்கணும், என்கிரிப்ஷன் வேகம் அதுலதான் இருக்கு, நெட்வொர்க் போர்ட் இன்டெல் சிப்பா இருக்கட்டும், இந்த சாஃப்ட்வேரோட அது சண்டை போடாது. "பில் வேணாம்னா 18 சதவீதம் கம்மி"ம்பாங்க, வேணாம், பில் இல்லாம வாரண்டியும் இல்ல, வரிக் கணக்குலயும் வராது. பில்லுல சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க.

என் கணக்கு: பெட்டி 21,500, சின்ன யுபிஎஸ் 3,400, பென் டிரைவும் கேபிளும் 830, முதல் வருஷ ஐபி 3,540. மொத்தம் 29,270.

5. ஆபீஸ் ஐபி வரிசைய மாத்துங்க

எல்லாரும் விட்டுட்டு கடைசில தலைய பிச்சுக்கற இடம் இது. நிறைய ஆபீஸ்ல உள் ஐபி 192.168.1ன்னு ஆரம்பிக்கும், வீட்டு ரவுட்டர்லயும் நிறைய அதேதான். அக்கா வீட்டு லேப்டாப் 192.168.1.5, ஆபீஸ் டாலி சிஸ்டம் 192.168.1.10ன்னு வெச்சுக்கோங்க. விபிஎன் இணைஞ்சு பச்சை லைட்டே எரிஞ்சாலும், 192.168.1.10ன்னு அடிச்சா லேப்டாப் "அது நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு"ன்னு வீட்லயே தேடும், ஆபீசுக்கு வராது. 192.168.0வும் வேணாம், ஜியோ ஃபைபர் வீடுங்கள்ல 192.168.29 இருக்கும், அதுவும் வேணாம். யாரும் வெக்காத நம்பரா எடுங்க. நான் ஆபீசுக்கு 10.47.20, விபிஎன்ல வர்றவங்களுக்கு 10.88.0ன்னு வெச்சேன்.

மாத்தறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஐபி கையால போட்ட சாமான் எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதுங்க. பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், விரல் வெக்கற அட்டெண்டன்ஸ் மெஷின், டாலி சிஸ்டம். நான் அட்டெண்டன்ஸ் மெஷின மறந்துட்டேன், மாசக் கடைசில சம்பளம் போடும்போதுதான் 9 நாள் டேட்டா சாஃப்ட்வேருக்கு வரலைன்னு தெரிஞ்சுது. மெஷின்லயே இருந்ததால தப்பிச்சோம். இத ஞாயித்துக்கிழமை பண்ணுங்க, வேலை நாள்ல வேணாம்.

6. பெட்டில சாஃப்ட்வேர் ஏத்தறது

ஓப்பிஎன்சென்ஸ் சைட்ல டவுன்லோடு பண்ணும்போது "விஜிஏ"ன்னு போட்ட இமேஜ எடுங்க, அதுதான் பென் டிரைவுக்கும் மானிட்டர் மாட்டற பெட்டிக்கும். சீரியல்னு போட்டது எடுத்தா ஸ்க்ரீன் பாதில நின்னுடும், பெட்டி கெட்டுப் போச்சுன்னு நினைப்பீங்க. ஃபைல் சுருக்கி இருக்கும், விரிச்சு, ரூஃபஸ்ங்கற ப்ரோக்ராம் வெச்சு பென் டிரைவ்ல எழுதுங்க.

பென் டிரைவ்ல பூட் ஆனதும் எல்லாம் ஓடற மாதிரியே தெரியும், ஆனா அது இன்னும் டிஸ்க்ல ஏறல. "installer"ங்கற பேர்ல லாகின் பண்ணி, பாஸ்வேர்ட் "opnsense", அப்பத்தான் இன்ஸ்டால் ஆகும். இது தெரியாம செட்டிங் பூரா போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் போயிடும். இன்ஸ்டால் முடிஞ்சதும் ரூட் பாஸ்வேர்ட மாத்துங்க, பெரிசா ஒண்ணு.

பெட்டி மேல போர்ட் 1, 2ன்னு அச்சடிச்சிருக்கறத நம்பாதீங்க, சாஃப்ட்வேர் எண்ணற வரிசை வேறயா இருக்கலாம். ஒவ்வொரு கேபிளா சொருகி எது உயிர் வருதுன்னு பாத்து மார்க்கர்ல எழுதிடுங்க. இன்னொண்ணு, இந்த சாஃப்ட்வேரோட உள் ஐபியும் முதல்ல 192.168.1.1 தான், லைன்காரங்க ரவுட்டரும் அதேன்னா ரெண்டு பக்கமும் ஒரே வரிசையாகி நெட்டே வராது. 5ல சொன்ன நம்பர இங்கயே போட்டுடுங்க.

பயாஸ்ல போய் கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகற செட்டிங்க போடுங்க. பீன்யால கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, ராத்திரி போய் வந்ததும் பெட்டி அணைஞ்சே கிடந்தா ஊர்ல இருக்கறவங்களுக்கு காலைல ஒண்ணும் ஓடாது, பட்டன அமுக்க ஆபீஸ்ல ஆளும் இருக்காது. யுபிஎஸ்ல பெட்டிய மட்டும் மாட்டாதீங்க, லைன்காரங்க ஃபைபர் பெட்டியையும் மாட்டுங்க.

7. விபிஎன்: ஓப்பன்விபிஎன்னா வயர்கார்டா

ரெண்டும் விபிஎன் போடற முறைங்க. வயர்கார்ட் வேகம், செட்டிங்கும் சின்னது. ஆனா அதுல யூசர்நேம் பாஸ்வேர்ட் கிடையாது, லேப்டாப்ல ஒரு சாவி இருக்கும், லேப்டாப் யார் கைல இருக்கோ அவங்க உள்ள வரலாம். கணக்கு வழக்கு இருக்கற இடத்துக்கு எனக்கு அது மனசு ஒப்பல. ஓப்பன்விபிஎன்ல ஒவ்வொருத்தருக்கும் தனி சர்டிஃபிகேட், பாஸ்வேர்ட், அதுக்கு மேல ஃபோன்ல 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறற 6 இலக்க ஓடிபி, மூணும் சேத்துப் போட்டேன். கொஞ்சம் மெதுவு, ஆனா பஸ்ல லேப்டாப் தொலைஞ்சா பதற வேண்டாம்.

வரிசை இப்படி: முதல்ல பெட்டிலயே ஒரு சர்டிஃபிகேட் அத்தாரிட்டி (மத்த சர்டிஃபிகேட்டுக்கு கையெழுத்து போடறது), அப்புறம் சர்வர் சர்டிஃபிகேட், அப்புறம் ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு சர்டிஃபிகேட். எல்லாருக்கும் ஒரே ஃபைல் குடுக்கறது சுலபம்தான், ஆனா ஒருத்தர் வேலைய விட்டுப் போனா எல்லாருக்கும் மாத்தணும். அடுத்து ஓடிபி சர்வர் ஒண்ணு சேத்துட்டு, ஓப்பன்விபிஎன்ல இன்ஸ்டன்ஸ் உருவாக்குங்க, யுடிபி 1194, வர்றவங்களுக்கு 10.88.0.0/24, உள்ள காட்ட வேண்டியது 10.47.20.0/24 மட்டும். மட்டும்னு சொல்றது எதுக்குன்னா, எல்லா ட்ராஃபிக்கும் ஆபீஸ் வழியா போற மாதிரி போட்டா, வீட்ல யாராவது யூடியூப் பாத்தாக்கூட அது நம்ம ஆபீஸ் லைன்ல வந்துட்டுப் போகும்.

ஃபயர்வால்ல ரெண்டு ரூல் வேணும், நிறைய பேர் ஒண்ணோட நிறுத்திடறாங்க. வேன் பக்கம் யுடிபி 1194 திறக்கறது ஒண்ணு. ஓப்பன்விபிஎன் பக்கம் உள்ள வந்தவங்க எங்க போகலாம்ங்கறது இன்னொண்ணு. ரெண்டாவது இல்லன்னா கனெக்ட் ஆகும், பிங் (அந்தப் பக்கம் பதில் வருதான்னு தட்டிப் பாக்கறது) கூடப் போகாது. டெஸ்டுக்கு முழுசா திறந்துட்டு, ஓடினப்புறம் டாலி சிஸ்டத்தோட 3389க்கு மட்டும்னு சுருக்குங்க. பெட்டியோட அட்மின் பேஜ மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேன் பக்கம் திறக்காதீங்க.

ஓடிபி விஷயத்துல ஒரு பெரிய குழி. இந்த சாஃப்ட்வேர்ல பாஸ்வேர்ட் கட்டத்துலயே ஓடிபியையும் சேத்து அடிக்கணும், முதல்ல 6 இலக்கம், அதை ஒட்டி பாஸ்வேர்ட், நடுவுல ஸ்பேஸ் இல்ல. நான் பாஸ்வேர்ட முன்னாடி அடிச்சு அடிச்சு அரை நாள் போச்சு. வரிசைய மாத்தற செட்டிங்கும் இருக்கு. அது சரியாயிருந்தும் தப்புன்னு வந்தா பெட்டியோட டைம பாருங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் தள்ளி இருந்தாலே ஓடிபி செல்லாது.

8. ஆபீஸ் சிஸ்டத்துல பண்ண வேண்டியது

விபிஎன் ஓடுது, ஆனா டாலி சிஸ்டம் பதில் சொல்லலைன்னா பெட்டிய நோண்டாதீங்க, சிஸ்டத்தப் பாருங்க. அதோட கேட்வே (வெளிய போற வாசல்) பழைய ரவுட்டர் ஐபில இருந்தா பதில் வேற வழில போயிடும், புதுப் பெட்டி ஐபிய போடுங்க. விண்டோஸ் ஃபயர்வால்ல பிங், ஃபைல் ஷேரிங் ரூல்ஸ் பல சிஸ்டத்துல "லோக்கல் சப்நெட்"டுக்கு மட்டும்னு இருக்கும், விபிஎன்ல வர்றவங்க 10.88ல இருந்து வர்றதால வெளி ஆள்னு நினைச்சு விடாது, அந்த வரிசைய சேத்து விடணும்.

விண்டோஸ் ஹோம்ல ரிமோட் டெஸ்க்டாப் உள்ள வாங்க முடியாது, ப்ரோ வேணும். ப்ரோலயும் ஒரு நேரத்துல ஒரே ஆள்தான். ஊர்ல இருந்து அக்கா வந்தா ஆபீஸ்ல அந்த சிஸ்டம் முன்னாடி உக்காந்திருக்கறவர் ஸ்க்ரீன் லாக் ஆயிடும், முன்னாடியே சொல்லிடுங்க, எங்க ஆபீஸ்ல முதல் நாள் இதனாலயே சின்ன சண்டை. ரெண்டு பேர் ஒரே நேரத்துல வேணும்னா விண்டோஸ் சர்வரும் அதுக்கு லைசன்ஸும் தனிச் செலவு. டாலி டேட்டா ஃபோல்டர ஷேர் பண்ணி விபிஎன் வழியா வீட்டு லேப்டாப்லயே திறக்கலாமேன்னு தோணும், ரொம்ப ரொம்ப மெதுவு, நடுவுல லைன் விட்டா டேட்டா கெடற ஆபத்தும் இருக்கு. ரிமோட் டெஸ்க்டாப்லயே வேலைய முடிங்க.

9. டெஸ்ட் பண்றது எங்க இருந்து

ஆபீஸ் வைஃபைல உக்காந்துக்கிட்டு பண்ணாதீங்க, உள்ள இருந்து வெளிய போய் திருப்பி உள்ள வர்றது பல நேரம் ஓடாது, ஓடினாலும் அது டெஸ்ட் இல்ல. மொபைல் ஹாட்ஸ்பாட் போடுங்க. அதுலயும் ரெண்டு கம்பெனி சிம்ல பண்ணுங்க, அப்புறம் ஒரு வீட்டு வைஃபைல.

கனெக்ட் ஆகுது, பிங் போகுது, ரிமோட் டெஸ்க்டாப் திறந்து கறுப்பு ஸ்க்ரீன்லயே நிக்குது, இல்ல பெரிய ஃபைல் காப்பி பாதில தொங்குதுன்னா, அது பாக்கெட் சைஸ் பிரச்சினை. சாதாரணமா 1500 பைட், பிபிபிஓஇ லைன்ல 1492, விபிஎன் உறை சேந்தா இன்னும் குறையணும். எம்எஸ்எஸ்ஸ (ஒரு பாக்கெட்ல போற டேட்டாவோட உச்ச அளவு) 1300 கிட்ட குறைச்சுப் பாருங்க, சட்டுனு சரியாயிடும். எனக்கு திருப்பத்தூர் பக்கம் மொபைல் நெட்ல மட்டும் இது வந்துச்சு, பெங்களூர்ல எல்லா டெஸ்டும் பாஸ். அதனால ஊருக்குப் போற ஒருத்தர் கிட்ட ஒரு வாரம் முன்னாடியே குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, தீபாவளிக்கு முந்தின நாள் வெச்சுக்காதீங்க.

10. லாகும் டைமும்

இது வெறும் டெக்னிக்கல் விஷயம் இல்ல, சட்டமும் இருக்கு. சைபர் பாதுகாப்ப பாக்கற மத்திய அரசு அமைப்பு சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி கம்பெனிங்க சிஸ்டம் லாக (யார் எப்ப வந்தாங்க, என்ன நடந்துச்சுங்கற பதிவு) 180 நாள் வெச்சிருக்கணும், யாராவது உள்ள பூந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துல அவங்களுக்குத் தெரிவிக்கணும், டைமும் மத்திய அரசோட என்ஐசி இல்லன்னா என்பிஎல் டைம் சர்வரோட ஒத்துப் போகணும். வாடிக்கையாளர் விவரத்த 5 வருஷம் வெக்கணும்ங்கறது விபிஎன் சேவை விக்கற கம்பெனிகளுக்கு, ஆபீஸ் தன்னோட ஆளுங்களுக்கு வெக்கற விபிஎன்னுக்கு இல்லன்னு அவங்களே விளக்கமும் குடுத்திருக்காங்க, அதக் கேட்டு யாராவது பயமுறுத்தினா பயப்படாதீங்க. பெட்டில லாக் வெக்கற நாள் முதல்ல கம்மியா இருக்கும், 180க்கு மேல ஏத்துங்க, 128 ஜிபி டிஸ்க் எங்களுக்குப் போதுது. டைம் சர்வர்ல என்ஐசியோட சமய் சர்வர போட்டு, டைம் சோன் கொல்கத்தான்னு வெச்சா ஓடிபி தொல்லையும் சேந்து போயிடும்.

11. ஆளுங்களுக்குக் குடுக்கறதும், திருப்பி எடுக்கறதும்

கனெக்ஷன் ஃபைல வாட்சாப் குரூப்ல போடாதீங்க. பென் டிரைவ்ல நேர்ல குடுங்க, ஓடிபி க்யூஆர் கோட அவங்க ஃபோன்ல உங்க முன்னாடியே ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. எங்க அக்காவுக்கு நான் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன், எந்த ஐகான அமுக்கணும், 6 நம்பர எங்க அடிக்கணும், வேலை முடிஞ்சதும் டிஸ்கனெக்ட் பண்ணணும்னு, அதுக்கப்புறம் ஃபோன் வர்றது பாதியா குறைஞ்சுது.

ஒருத்தர் வேலைய விட்டா அன்னிக்கே ரெண்டும் பண்ணுங்க: யூசர டிஸேபிள், சர்டிஃபிகேட்ட ரிவோக் (செல்லாதுன்னு ரத்து). ரிவோக் லிஸ்ட்ட ஓப்பன்விபிஎன் செட்டிங்ல இணைச்சிருக்கணும், இல்லன்னா ரிவோக் பண்ணியும் அந்த சர்டிஃபிகேட் செல்லும்.

செட்டிங் எல்லாம் ஒரே ஃபைலா பேக்கப் எடுக்கலாம், எடுத்து வேற இடத்துல வைங்க, அதுல சாவி எல்லாம் இருக்கறதால பாஸ்வேர்ட் போட்டு வைங்க. பெரிய வெர்ஷன் வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், ஜனவரி, ஜூலைல. வந்த அன்னிக்கே ஏத்தாம ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை ஏத்தறேன், நடுவுல வர்ற செக்யூரிட்டி அப்டேட்ட மட்டும் தள்ளிப் போடறதில்ல.

காலண்டர்ல மூணு தேதி குறிச்சு வைங்க. சர்வர் சர்டிஃபிகேட் முடியற நாள், ஏன்னா அது முடிஞ்சா ஒரே நேரத்துல யாராலயும் உள்ள வர முடியாது. பெட்டி வாரண்டி முடியற நாள். அப்புறம் ஸ்டேட்டிக் ஐபி ரின்யூவல், இது இன்டர்நெட் பில்லோட சேந்து வராது, எங்களுக்கு தனியா ஒரு மெயில் வந்துச்சு, அதுவும் பழைய மேனேஜர் மெயிலுக்கு. போன வாரம்தான் பாத்து, மெயில் ஐடிய மாத்தி, 3,540 கட்டி ரசீது வாங்கினேன்.